மூன்றாவது பூட்டு

ஒலிந்தோவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "பூட்டினியா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கையில் இருப்பது பறக்கும். சீட்டுக் கட்டு இருந்தால் சீட்டுக் கட்டு, ஒயின் கிளாஸ் இருந்தால் கிளாஸ்.

இத்தாலியில், அவர் ஊரான மோதெனாவில், இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்பார்கள். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவர் காப்பிக் கடைக்குள் நுழைவார். மூலையிலிருந்து ஒருவன், "ஒலிந்தோ, பூட்டினியா?" என்பான். கடை சிரிக்கும். வெந்நீர்ப் பானையை மூடும்போது, ஒயின் பாட்டிலுக்குக் கார்க் அடிக்கும்போது, கால்சட்டைப் பொத்தான் போடும்போதுகூடக் கேட்பார்கள். முப்பத்தேழு வருஷம். முதலில் கேட்டவர்கள் பாதிப் பேர் செத்துப் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன கதை என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் கிழவன் குதிப்பான் என்பது தெரியும்.

கதை இதுதான். 1967இல் மல்வாசி கம்பெனி ஒரு பந்தய வண்டி கட்டியது. ஒன்றே ஒன்று. அது ஓடி ஜெயித்தால் மேலும் கட்டுவதாக இருந்தார்கள். உடம்பு முழுக்க அலுமினியத் தகடு, உயரம் இடுப்புக்குக் கொஞ்சம் மேல். தட்டிய ஆட்கள் அதற்கு வைத்த பெயர் தட்டை மீன். கம்பெனிக்குத் தகடு தட்டிக் கொடுத்த வெளிப் பட்டறையில் வேலை பார்த்த ஒலிந்தோவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பீச்சாங்கைக்காரர். இந்த ஊர்ப் பேச்சில் அதற்கு மன்சேன் என்பார்கள், அதையே பட்டப்பெயராகவும் வைத்திருந்தார்கள். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் இடது பாதியை மன்சேன் தட்டுவான், வலது பாதியை நெல்லோ தட்டுவான். அவரவர் கைக்கு அவரவர் பக்கம் வாகு. நடுக்கோட்டில் இரண்டும் சேரும், காஸ் தீயில் ஒட்டுவார்கள்.

முன்மூடிக்கு ஆறு பூட்டு, பூட்டுக்கு ஒரு துளை. பாதிக்கு மூன்று: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. அந்தப் பக்கப் பூட்டுதான் காற்று உள்ளே புகுந்து மூடியைத் தூக்காமல் பிடித்திருக்கும். பிப்ரவரி மூன்றாம் தேதி பழைய விமானத் தளத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டியவர் ஆதோஸ் பிவெத்தி. முழு வேகத்தில் மூடி பிய்த்துக்கொண்டு வந்து அவர் தலையில் அடித்தது. வண்டி உருண்டு வலது பக்கம் தீப்பிடித்தது. ஆதோஸுக்கு முப்பத்தொரு வயது. மனைவி நோர்மா அந்த நேரத்தில் தையல் கடையில் பொத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் மிச்சம் இருந்த இடது பாதி மூடியை மேஜைமேல் வைத்தார்கள். முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. பக்கத்தில் துளையே இல்லை. கம்பெனி முதலாளி பெரிய மல்வாசி எழுந்து வரைபடத்தைக் காட்டினார்.

"வரைபடத்துல மூணு இருக்கு. அந்த ஆள் ரெண்டுதான் போட்டிருக்கான். அவசரத்துல எங்க ஆளுங்க கவனிக்கல. அதுக்கு நான் வருத்தப்படறேன்."

நெல்லோவைக் கேட்டார்கள். "என் பக்கம் மூணு போட்டேன்," என்றான். வலது பாதி எரிந்து உருகிவிட்டது, பார்க்க முடியாது. ஒலிந்தோவைக் கேட்டார்கள். அவர் மேஜைமேல் இருந்த மூடியைப் பார்த்தார். துளை இல்லை. அதற்கு மூன்று நாள் முன்னால் சான் ஜெமினியானோ திருவிழா. ஊரே குடித்தது, அவரும் குடித்தார், குடித்துவிட்டு மத்தியானம் வந்து மூடியை முடித்துக் கொடுத்தார். மூன்றாவது துளையைப் போட்ட ஞாபகம் அவருக்கு வரவில்லை.

"மறந்திருப்பேன்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். ஜெயிலுக்கு அனுப்பவில்லை, பட்டறை அவரை அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் முப்பது வருஷம் அறுவடை இயந்திரங்களுக்கு மூடி தட்டினார். அந்த மூடிகளில் தேவைக்கு இரண்டு பூட்டு அதிகமாகப் போடுவார். நோர்மா அவரைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது இரண்டு பேருக்கும் அறுபத்தாறு.

*

ஜூன் மாதத்தில் ஒரு நாள் போன் வந்தது. மல்வாசி மகன் கொர்ராதோ. அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது, கம்பெனியை அதற்கும் முன்பே மூடிவிட்டார்கள். சாம்பலிலிருந்து எடுத்து வைத்த சட்டமும் இடது பக்கத் தகடுகளும் அந்தப் பாதி மூடியும் மட்டும் கிடங்கில் கிடந்தன. அவற்றை வைத்து வண்டியை மறுபடி கட்டுகிறார்களாம்.

"வெளிநாட்டுல ஒருத்தர் விலைக்குக் கேக்கறார், மேஸ்திரி. அந்தப் பாதி அசல் வேலைதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். அதைத் தட்டுனவங்கள்ல உயிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"உங்கப்பனுக்கு வேலை பாத்துத்தான் நாசமாப் போனேன். நீ வேறயா?" என்று போனை வைத்தார்.

வைத்தவர் அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்த மூடியை அவர் முப்பத்தேழு வருஷமாகப் பார்க்கவில்லை. துளை இல்லாத அந்த இடத்தை ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்த்து, ஆமாம்டா நீதான்டா என்று தன்னையே நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தார். காலையில் சைக்கிளை எடுத்தார்.

வண்டியை மறுபடி கட்டும் பட்டறைக்காரர் என்னியோ நல்ல மனிதர், நாற்பத்தைந்து வயது, கைவிரல் ஒன்று குறைவு.

"வாங்க மேஸ்திரி. கண்ணாடி கொண்டு வந்தீங்களா?"

"தகடு பாக்கறதுக்குக் கண்ணாடி எதுக்கு? விரல் இருக்கு. உன்னைவிட ஒண்ணு ஜாஸ்தி."

என்னியோ சிரித்தார். தட்டை மீன் கட்டைகள்மேல் நின்றது, சக்கரம் இல்லாமல். வலது பக்க உடம்பைப் புதிதாகத் தட்டிப் பொருத்தியிருந்தார்கள். ஒலிந்தோ சுற்றி வந்து முகத்துக்கு நேரே நின்றார்.

"வலது பக்கத்துக்கு அளவு எங்கே எடுத்தே?"

"உங்க இடது பாதியிலதான். மெஷின் வச்சு எடுத்து, அப்படியே திருப்பிட்டோம். மயிரிழை வித்தியாசம் கிடையாது."

"அதான் பொம்மை மாதிரி இருக்கு. நெல்லோ பக்கம் என் பக்கத்தைவிட ஒரு விரல் தூக்கல். அவன் கை கனம். எந்த வண்டிக்கும் ரெண்டு கன்னமும் ஒண்ணா இருந்ததில்லடா இந்த ஊர்ல."

என்னியோவின் முகம் சுருங்கியது. "சொல்ல ஆளில்லையே மேஸ்திரி அப்ப."

"என்னை யாரு கேட்டா?"

அசல் இடது பாதி மூடி தனியாக மேஜைமேல் இருந்தது. இன்னும் ஒட்டவில்லை. சாயத்தை மருந்து போட்டு முழுக்க எடுத்திருந்தார்கள். உள்ளும் புறமும் அப்பியிருந்த கெட்டிச் சாயம் போய், தகடு வெறும் வெள்ளையாகக் கிடந்தது. ஒலிந்தோ இடது கையை மெல்ல அதன்மேல் வைத்தார். தன் சுத்தியல் போன வழி விரலுக்குத் தெரிந்தது. முன் துளை. பின் துளை. பக்கத்துக்கு வந்தார்.

விரல் நின்றது.

வட்டமாக ஒரு விளிம்பு. காசு அளவு. கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். தகட்டில் ஒரு வட்டத்தை வெட்டி, அதில் வேறு தகட்டை வைத்து, சுற்றி ஒட்டி, ராவி வழவழப்பாக்கியிருந்தார்கள். ஒட்டு மெல்லியது, மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. ஆர்கன் வாயு மெஷினில் போட்ட ஒட்டு. அவர்கள் பட்டறையில் அந்த மெஷினே கிடையாது, காஸ் தீ மட்டும்தான். அன்றைக்கு ஆர்கன் மெஷின் இருந்தது மல்வாசியின் பந்தயப் பிரிவில்.

அவர் மூடியைப் புரட்டினார். உட்புறம், துளைகள் பக்கத்தில், ஆணியால் கீறிய எண்கள் இருந்தன. துளை போட்டதும் அவர் போடும் கணக்கு அது. முன் துளைப் பக்கத்தில் 1. பின் துளைப் பக்கத்தில் 2. அந்த அடைத்த வட்டத்தின் பக்கத்தில் 3.

அந்த 3 திரும்பியிருந்தது. எல்லோருடைய 3க்கும் வாய் இடது பக்கம் திறந்திருக்கும். இதற்கு வலது பக்கம். பள்ளியில் கன்னியாஸ்திரி அவர் இடது கையைப் பெஞ்சோடு கட்டிப்போட்டு வலது கையால் எழுதப் பழக்கினார். மற்றதெல்லாம் வந்தது, 3 மட்டும் வாழ்நாள் முழுக்க நேராகவே வரவில்லை. உலகத்தில் வேறு யாரும் கீறியிருக்க முடியாத 3.

அவர் போட்டிருக்கிறார். குடித்திருந்தாலும் போட்டிருக்கிறார். போட்டு, எண்ணும் கீறியிருக்கிறார்.

"அது ஏதோ பழைய ஒட்டு, மேஸ்திரி," என்றார் என்னியோ. "நாளைக்கு ராவி எடுத்துடறேன். அந்தக் கீறலையும் சேர்த்து."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

என்னியோ பின்னால் நகர்ந்தார். வாசலில் கார் கதவு மூடும் சத்தம் கேட்டது. கொர்ராதோ வந்தார், வெளிர் நிறக் கோட்டு, கையில் ஒரு காகிதம், பேனாவின் மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்.

"மேஸ்திரி! வந்துட்டீங்களே, சந்தோஷம். இங்கே ஒரு கையெழுத்து, அப்புறம் சாப்பிடப் போகலாம்."

"இது என்ன?" ஒலிந்தோ வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

கொர்ராதோ விரலைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பழைய வண்டி. எத்தனை இடத்துல ஒட்டியிருப்பாங்களோ."

"நான் கேக்கறது இந்த இடம்."

"என்ன பெரிய விஷயம்? அப்பா காலத்துல எல்லாமே அவசரம். பந்தயத்துக்கு நடுவுல மூடியைத் திறக்கணும், ஆறு பூட்டுன்னா நேரமாகுது. அதனால அந்த ரெண்டையும் எடுத்துட்டு..."

நிறுத்திக்கொண்டார்.

"எந்த ரெண்டு?" என்றார் ஒலிந்தோ.

கொர்ராதோ பேனாவை மூடினார்.

"நான் காட்டினது ஒண்ணு. வலது பாதி எரிஞ்சு உருகிப் போச்சு. அங்கே இருந்ததை நீ எங்கே பாத்தே?"

"மேஸ்திரி, எனக்கு அப்ப பதினாலு வயசு."

"பதினாலு வயசுல கண்ணு தெரியாதா? கூட நின்னியா நீ?"

"விளக்குப் பிடிச்சேன்." மெதுவாகச் சொன்னார். "அப்பா பிடிக்கச் சொன்னார். பிடிச்சேன். அதுக்கப்புறம் பேசக் கூடாதுன்னார். பேசல. நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

ஒலிந்தோவின் காது இரண்டும் கொதித்தன. கிழவனைத் திட்டலாம், அவன் செத்துவிட்டான். பதினாலு வயசுப் பையனைத் திட்டலாம், அவனும் இப்போது இல்லை. எதிரில் நின்றது ஐம்பத்தொரு வயது மனிதன். அந்த மனிதன் இந்த முப்பத்தேழு வருஷத்தில் எத்தனை தரம் அவர் உட்கார்ந்திருந்த காப்பிக் கடைக்குள் வந்திருக்கிறான்! எத்தனை தரம் அந்தக் கேள்வியை அவன் காதுபடக் கேட்டார்கள்! ஒரு தரம் அவனும்கூடச் சிரித்தான், அது ஒலிந்தோவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கொர்ராதோ அதற்குள் மூடிமேல் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. வெட்கம் போய், வேறு ஏதோ வந்தது.

"இதைப் பாருங்களேன் மேஸ்திரி," என்றார். "இது அசல்ங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? போலி பண்றவனுக்கு இது தெரியவே தெரியாது. என்னியோ, இதை ராவாதே! மேஸ்திரி, இதையும் நீங்களே எழுதிக் குடுங்க. அந்த 3ஐயும் சேர்த்து. ஆதோஸ் பேரு வேண்டாம். 'அந்தக் காலத்து மாற்றம்'னு போட்டாப் போதும்."

"என்னன்னு?"

"அந்தக் காலத்து மாற்றம். இந்த வண்டிக்காரங்க அப்படித்தான் எழுதுவாங்க."

ஒலிந்தோ மூடியை மேஜையிலிருந்து தூக்கி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நல்ல அலுமினியம், மெல்லிசாகத் தட்டியது. ஒரு தர்பூசணிக் கனம்கூட இல்லை.

"எங்கே எடுத்துட்டுப் போறீங்க? மேஸ்திரி! அது என் சொத்து!"

"செஞ்சவன் நான்."

"என்னியோ, பிடிங்க அவரை!"

என்னியோ ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். விரல் விரலாகத் துடைத்தார். இல்லாத விரலின் இடத்தையும் துடைத்தார்.

"கை அழுக்கா இருக்குங்க," என்றார்.

*

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கையால் சைக்கிள், ஒரு கக்கத்தில் பந்தய வண்டியின் பாதி மூஞ்சி. சந்தைக்காரர்கள் கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். "ஏய், கேடயம் எடுத்துட்டு யாரோட சண்டைக்குப் போறே ஒலிந்தோ?" என்று காய்க்காரன் கத்தினான். ஒலிந்தோ திரும்பவில்லை. பின்னால் எங்கோ கொர்ராதோவின் கார் ஹாரன் அடித்தது. அனுமதி இல்லாத வண்டி பழைய ஊருக்குள் வர முடியாது. நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும்.

சைக்கிளை மிதிக்க மிதிக்க அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மறந்திருப்பேன் என்று சொன்னது யார்? நீதானே. உன் கை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? எவனோ கோட்டுப் போட்டவன் எழுந்து நின்று சொன்னதும் உன் கையைவிட அவன் வாயை நம்பினாயே, மடையா. அவர் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். எதிரே வந்த பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

நோர்மா வீடு மூன்றாவது மாடி. நாலு பக்கமும் வீடு, நடுவில் முற்றம், சுற்றிலும் பால்கனி. மணி பன்னிரண்டரை, எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. சூப் வாசனையும் தட்டுச் சத்தமும் முற்றத்தில் நிறைந்திருந்தன. அவர் படி ஏறி மணி அடித்தார்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. முழங்கை வரை மாவோடு நோர்மா.

"தப்பான வீடு."

"நோர்மா."

"தப்பான வீடுன்னு சொன்னேன்."

அவர் மூடியின் விளிம்பைக் கதவிடுக்கில் வைத்தார். நோர்மா அதைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குப் புரிந்தது.

"அதையா? என் வாசலுக்கா கொண்டு வந்தே?" சங்கிலியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள். கையில் மாவுக் கட்டை. "அவன் தலையை உடைச்சதை என் வீட்டுக்குக் கொண்டு வர்றியா? படுபாவி! உனக்கு என்ன தைரியம்டா!"

"அடி. அடிச்சிட்டு இதைப் பாரு."

"எதைப் பாக்கணும்?"

மூடியைப் புரட்டி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். "படி."

நோர்மாவுக்குத் தகடும் தெரியாது, ஒட்டும் தெரியாது. அவள் 1ஐப் பார்த்தாள். 2ஐப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்ததும் கட்டை தாழ்ந்தது.

"சிஸ்டர் லெயோகாதியா," என்றாள்.

"ஆமா."

"இதுக்காகத்தானே உன்னை முட்டி போட வச்சா. தினமும். நான் முன் பெஞ்சு."

"அந்த 3 இருக்கற இடத்துலதான் மூணாவது துளை. நான் போட்டது. இந்த வட்டம் இருக்கே, இது அப்புறம் அடைச்சது. எங்க பட்டறையில இந்த ஒட்டு கிடையாது. மல்வாசி ஆளுங்க பூட்டை எடுத்துட்டுத் துளையை அடைச்சிருக்காங்க. சீக்கிரம் திறக்கறதுக்காக. மகன் விளக்குப் பிடிச்சிருக்கான். இப்பத்தான் அவன் வாயாலயே கேட்டேன்."

நோர்மா விரலால் அந்த வட்டத்தைச் சுற்றினாள், மாவு ஒட்டி வெள்ளை வளையம் விழுந்தது.

அப்புறம் அவரை அறைந்தாள். படியில் எதிரொலித்தது. கன்னத்தில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்தது.

"முப்பத்தேழு வருஷம்!" என்றாள். "முப்பத்தேழு வருஷம் தப்பான ஆளை வெறுத்திருக்கேன்டா! ஏன் சொல்லல? நான் போட்டேன்னு ஏன் சொல்லல? மறந்திருப்பேன்னு சொன்னியே, நான் அந்த அறையிலதான் உக்காந்திருந்தேன், என் காதால கேட்டேன்!"

"நானே நம்பிட்டேன் நோர்மா."

"நம்பிட்டானாம்! ஒரு குடிகாரன் மறந்ததால என் புருஷன் செத்தான்னு நினைச்சு நினைச்சு... ஞாயித்துக்கிழமை பூசையில உன் முதுகைப் பாத்து என்னென்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? சாமிகிட்டச் சொல்லக் கூடாததெல்லாம்."

"கொஞ்சம் பலிச்சுது," என்றார் அவர்.

நோர்மா சிரிக்கவில்லை. கீழே முற்றத்தில் யாரோ ஓடி வரும் சத்தம்.

"மேஸ்திரி!" கொர்ராதோவின் குரல், மூச்சு வாங்கியது. "மேஸ்திரி, நீங்க இங்கேதான் இருக்கீங்கன்னு தெரியும்! சைக்கிள் நிக்குது! போலீஸைக் கூப்பிட வைக்காதீங்க!"

நோர்மா மூடியை ஒலிந்தோவின் கையிலிருந்து வாங்கினாள். வாங்கிக்கொண்டு அடுக்களை வழியாகப் பால்கனிக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார். அவள் மூடியைக் கம்பிக்கு வெளியே, மூன்று மாடி உயரத்தில், இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அம்மா!" கொர்ராதோ அலறினார். "அம்மா, வேண்டாம்! அது உலகத்துல ஒண்ணே ஒண்ணு!"

"என் புருஷனும் ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் நோர்மா. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் முற்றத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. இரண்டாவது மாடியில் தபால்காரர் கழுத்தில் துணியோடு எட்டிப் பார்த்தார். "என்ன நோர்மா?"

"மல்வாசி மகன் ஒரு விஷயம் சொல்லப் போறார். எல்லாரும் கேளுங்க." கீழே பார்த்தாள். "சொல்லு. யாரு பூட்டை எடுத்தது?"

"அம்மா, மேலே வந்து பேசறேன். பெரியவங்களா உக்காந்து பேசலாம்."

நோர்மா ஒரு கையை எடுத்தாள். மூடி ஒரு பக்கம் சாய்ந்தது. என்ன இருந்தாலும் ஒலிந்தோ தட்டிய தகடு. ஆனால் அவர் பிடிக்கக் கை நீட்டவில்லை.

"எங்கப்பா எடுக்கச் சொன்னார்," என்றார் கொர்ராதோ, தரையைப் பார்த்து.

"கேக்கல!" மூன்றாவது மாடி மூலையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"எங்கப்பா! எங்கப்பா எடுக்கச் சொன்னார்! ரெண்டு பக்கமும்! அடைச்சுச் சாயம் அடிச்சாங்க! ஒலிந்தோ பூட்டு வச்சுத்தான் குடுத்தார்! போதுமா?"

"விசாரணை நடந்தப்ப அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?" பால்கனிக்கு வந்த பிறகு ஒலிந்தோ முதல்முறையாகப் பேசினார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"தெரியும்."

"காப்பிக் கடையில சிரிச்சப்ப?"

கொர்ராதோ வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளிர் கோட்டின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. தபால்காரர் கழுத்துத் துணியைக் கழற்றினார். அவர் அப்பா அந்தக் காப்பிக் கடையில் சீட்டாடியவர்.

நோர்மா மூடியை உள்ளே இழுத்து ஒலிந்தோவிடம் கொடுத்தாள். "உன்னோடது. என்ன வேணா பண்ணு. என் வீட்டுல வேண்டாம்."

அவர் படி இறங்கினார். கொர்ராதோ கை நீட்டினார். ஒலிந்தோ கொடுக்கவில்லை.

"காகிதம்."

கொர்ராதோ சட்டைப் பையிலிருந்து எடுத்தார், நான்காக மடித்திருந்தது. ஒலிந்தோ அதை மூடியின்மேல் வைத்துப் பேனாவை இடது கையில் பிடித்தார். கையெழுத்தை அவர் வாழ்க்கை முழுக்க வலது கையால்தான் போட்டிருக்கிறார், சிஸ்டருக்குப் பயந்து. இப்போது இடது கையால், எறும்பு ஊர்வது மாதிரி எழுதினார். இந்தப் பாதியைத் தட்டியவன் நான். மூன்று துளை போட்டேன். பூட்டு 3ஐ எடுத்தது மல்வாசி. அதனால் செத்தவர் ஆதோஸ் பிவெத்தி. அந்த 3ஐ எப்போதும் போல எழுதினார்.

"'அந்தக் காலத்து மாற்றம்'னு ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார் கொர்ராதோ.

"வேணும்னா கிழிச்சுப் போடு. இவ்வளவு பேரு கேட்டாச்சு. இவங்க காதைக் கிழிப்பியா?"

கொர்ராதோ காகிதத்தை மடித்துக்கொண்டார், கிழிக்கவில்லை. ஒலிந்தோ நீட்டிய மூடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பாதி தூரம் போனபோது மேலே ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏய் மல்வாசி! பூட்டினியா?"

முற்றம் முழுக்க வெடித்துச் சிரித்தது. ஒலிந்தோவின் கை வழக்கம் போல எறிவதற்கு எதையாவது தேடியது. அப்புறம்தான் அந்தக் கேள்வி தன்னைக் கேட்டதில்லை என்று புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. நேற்று வரை என்னைக் கேட்ட அதே வாய்தானே இது என்று நினைத்தார், ஒருவன்கூடத் தலையைக் குனியவில்லையே என்று நினைத்தார். மேலே பார்த்து, "வாயை மூடிட்டுச் சாப்பிடுங்கடா!" என்று கத்தினார். சிரிப்பு அடங்கியது. நோர்மா வீட்டுப் பால்கனிக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

மறுநாள் காலை ரொட்டிக் கடை வாசலில் அவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தபோது நோர்மா எதிரே வந்தாள். அவர் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார், அவள் அந்தப் பக்கம் கடந்து போகட்டும் என்று. கடந்து போகவில்லை. பையோடு நேரே வந்து அவர் சைக்கிள் முன்னால் நின்றாள். கண் வீங்கியிருந்தது, கோபம் அப்படியே இருந்தது.

"மன்சேன்," என்றாள். "நடு வழியில நிறுத்தியிருக்கே. தள்ளு."

அவர் தள்ளினார்.